அவர் சர்வீஸுக்கு விட்ட வண்டி

மாதவரத்து சர்வீஸ் சென்டரிலிருந்து அந்தப் பெண் போன் செய்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தேன். எங்கள் வண்டியை எப்போதும் பார்த்துக்கொள்கிற பெண்தான், புளியந்தோப்புக்காரி. எதுவானாலும் என் கணவருக்குத்தான் போன் செய்வாள். அன்று எனக்குச் செய்திருந்தாள்.

"அம்மா, சார் காலைல உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வந்தாரு?"

"ஆமாம்மா. வண்டிய உங்களாண்ட வுடப் போறேன்னு சொன்னாரு. இன்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. இங்கதான் கீறாரு. டீ குட்ச்சிகினு உக்காந்துகினு கீறாரு." கொஞ்சம் தயங்கினாள். "அது இல்லம்மா, போன வாரம்தானே சர்வீஸ் பண்ணிக் குடுத்தோம்? ஆயில் மாத்தி, ஃபில்டர் மாத்தி எல்லாம் முடிச்சாச்சு. சார் இன்னிக்குத் திரும்ப வந்து, சர்வீஸ் டயம் வந்துட்ச்சு, வண்டிய எடுன்றாரு. நான் சொன்னா ஒத்துக்க மாட்டேன்றாரு."

போன வாரம் செய்ததில் ஏதோ விட்டுப்போயிருக்கும், அதற்காகப் போகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னாமே?" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"போன வாரம்தானே வுட்டு எடுத்தீங்க?"

"யார் சொன்னா? ஆறு மாசம் ஆயிப்பூட்ச்சு. இந்தப் பொண்ணு புதுசு போல கீது. அதுக்கு ஒன்னும் தெர்ல."

அந்தப் பெண் புதியவள் இல்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கென்று தனியாகக் கேக் வாங்கிக்கொண்டு போகிறவர் இவர்.

"சோறு ஆறிடும், வாங்க" என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டார். சாப்பிட்டார்.  மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

அவர் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்தவர். ஃபிட்டராகச் சேர்ந்து, கடைசியில் தன் கீழே ஒரு கூட்டம் ஆட்களை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். கப்பல் வந்து நிற்கும்போது கிரேன் படுத்துவிட்டால் எல்லோரும் அவர்களைத்தான் திட்டுவார்கள். படுக்காமல் ஓடும்வரை அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்த வேலை அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் டியூப், மின்விசிறி, மோட்டார், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் இத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். என் தையல் மெஷினுக்கு ஒரு நாளும் நான் எண்ணெய் விட்டதில்லை. என் மூக்குக்கண்ணாடியின் திருகாணியைக்கூட அவரே அவ்வப்போது வாங்கி இறுக்கித் தருவார். தளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்றதும் அந்த வண்டியை வாங்கினார். எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி. எங்கள் மகள் அத்திப்பட்டில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. பேரன், பேத்தி, மாப்பிள்ளையின் பெற்றோர் என்று எல்லோரும் ஒன்றாக வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. போனோம். இரண்டு வருஷம் போனோம்.

அது ஹைபிரிட் வண்டி. பெட்ரோலிலும் ஓடும், உள்ளே இருக்கும் பெரிய பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்பதை வண்டியே முடிவு செய்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறும். மெதுவாகப் போனால் சத்தமே இருக்காது. ராயபுரத்துத் தெருக்களில் எங்கள் வண்டி வருவது தெரியாமல் நடுவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள், முட்டிக்குப் பக்கத்தில் பம்பரைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். "இன்னா நைனா, பேய் மாரி வர்ற" என்பார்கள். அவருக்கு அதில் பெருமை.

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். அதை அவர் கோயில் பண்டிகை போல வைத்திருந்தார். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர். டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுவது. என்ஜினுக்கு ஒரு கூலண்ட், பேட்டரிக் கரண்டை மாற்றித் தரும் பெட்டிக்குத் தனியாக இன்னொரு கூலண்ட். இரண்டின் அளவையும் தானே குனிந்து பார்ப்பார். முன்சீட்டுக்குக் கீழே பெரிய பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சிறிய வலை ஒன்று இருந்தது. அதன் முன்னால் நான் பை வைத்துவிட்டால் கோபம் வரும். "அதுக்கும் மூச்சு வாங்கணும்மே" என்பார். அத்திப்பட்டுக்குப் போய்வருகிற வண்டி என்பதால் ஏசி ஃபில்டர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் கருத்துப்போகும். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவதை இவர் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றச் சொல்வார். கழற்றிய பழைய ஃபில்டரை என்னிடம் காட்டுவார். "பாரு, இதத்தான் அந்தப் புள்ளைங்க துன்னுகினு கீதுங்க" என்பார். பேரப்பிள்ளைகளைச் சொல்வார்.

இப்படிப்பட்டவர் ஒரு வாரத்தில் இரண்டாவது முறை சர்வீஸுக்குப் போய் நின்றார். வயசாகிறது, யாருக்குத்தான் மறக்கவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து அத்திப்பட்டுக்குக் கிளம்ப வேண்டும். பேத்திக்குத் தைத்த பாவாடைகளை முந்தின நாளே வண்டியில் வைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து பார்க்கப் போனேன். எங்கள் சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை. கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பழைய குடோனின் வாசலில் நிறுத்துவோம். நான் வண்டிக்குப் பக்கத்தில் போகும்போது அது தானாக ஸ்டார்ட் ஆனது. உள்ளே யாரும் இல்லை. நான் பயந்து இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாகவே நின்றது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே டாஷ்போர்டுத் திரையில் வெளிச்சம் இருந்தது. சாவி, தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் கிடந்தது. முந்தின நாள் சாயந்திரம் நிறுத்தியவர் அணைக்காமலே இறங்கி வந்திருக்கிறார். இரவு முழுக்க பேட்டரி இறங்க இறங்க, வண்டி தானே என்ஜினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, திரும்ப அணைத்துக்கொண்டு, யாரும் வராமல் அங்கேயே நின்றிருக்கிறது. கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் அழுத்தி நான் பார்த்திருந்த பட்டனை அழுத்தினேன். அணைந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நான் ஆஃப் பண்ணனே."

"ஓடிகினு இருந்துச்சுங்க. நான்தான் அமுக்கிட்டு வந்தேன்."

"சத்தமே வராத வண்டிமே அது. யாரா இருந்தாலும் தப்பும்" என்றார். பிறகு பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார். நான் போய்ச் சரியாகப் போட்டுவிட்டேன்.

அத்திப்பட்டுக்குப் போனதும் மகளிடம் சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு என்னையே பார்த்தாள். "நைனாவா?" என்று கேட்டாள்.  அடுத்த வாரமே அவள் லீவு போட்டு வந்து எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். சிலவற்றுக்கு இவர் சரியாகச் சொன்னார். என்ன மாதம் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். இவர் வட்டத்தை அழகாகப் போட்டார், காம்பஸ் வைத்துப் போட்டது போல. எண்களை எழுதத் தொடங்கினார். எல்லா எண்களும் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்து நின்றன. இடது பக்கம் காலியாக இருந்தது. எழுதி முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. எதை எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை இயந்திரங்களை அவர் அப்படிக் குனிந்து பார்த்திருப்பார். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நோயின் பெயரைச் சொன்னார்கள். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், சரியாக்காது என்றார்கள். வண்டி ஓட்டுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்கள். அவர் தலையாட்டினார்.

ஆனால் எப்படி நிறுத்துவது? அந்த வண்டியைச் சரியாக ஓட்டுவது மட்டும்தான் அவரிடம் அப்போது மாறாமல் இருந்தது. நான் கூட உட்கார்ந்தால் போதும் என்று சில வாரம் விட்டுவைத்தோம்.

அத்திப்பட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எண்ணூர் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, டோல்கேட் சந்திப்பு வந்தது. நாற்பது வருஷமாக அவர் சைக்கிளிலும் பைக்கிலும் வண்டியிலும் கடந்த இடம். வண்டி நின்றது. சிக்னல் எதுவும் இல்லை. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, போங்க."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் கேட்டார்: "நம்ம வூடு எந்தப் பக்கம்மே?"

லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, திட்ட வந்தவன் திட்டாமல், பின்னால் வந்தவற்றைக் கையைக் காட்டி நிறுத்தி எங்களுக்கு வழி விட்டான். "நேரா போங்க" என்றேன். போனார். "இப்ப லெஃப்டுல." திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்தையும் நான் சொல்ல, அவர் ஓட்டினார். நான் சொன்னதை அவர் ஒழுங்காகக் கேட்டு ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. குடோன் வாசலில் வழக்கம்போல ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சுவரை ஒட்டி நேராக நிறுத்தினார். அணைத்தார். அணைந்ததா என்று இரண்டு முறை பார்த்தார். சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இனிமே நீயே வெச்சிக்கோமே" என்றார்.

நாங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். அவர் அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா செத்தபோது மட்டும்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விரல்களில் கிரீஸ் இல்லாமல் போய் வெகுநாள் ஆகிவிட்டது என்று அப்போது தோன்றியது.

அவரே கொடுத்த சாவிதான். ஆனால் கொடுத்தது மறுநாளே அவருக்கு மறந்துவிட்டது. தினமும் காலையில் சாவியைத் தேடுவார். சட்டைப் பைகள், அலமாரி, மாதா படத்துக்குப் பின்னால், அரிசி டின். கடைசியில் என்னிடம் வந்து நிற்பார். "நீதான் எட்துகினு ஒளிச்சி வெச்சிகினு கீற" என்பார். அது உண்மைதான். ஒரு டிரைவரை ஏற்பாடு செய்தோம், வியாசர்பாடிக்காரர், அமைதியானவர். அவர் வண்டியில் ஏறியதும் இவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். "யார்றா நீ, என் வண்டில?" என்று தெருவே கூடும்படி கத்தினார். அந்த மனிதர் அடுத்த நாள் வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மகள் வண்டியை விற்றுவிடலாம் என்றாள். "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போய்க்கலாம்மா. இது ஒரு பேஜாரு. நைனா தினம் பாத்துகினு ஏங்குறாரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆட்டோவில் அவர் பாதி வழியில் இறங்கப் பார்ப்பார். பஸ்ஸில் கூட்டத்தைப் பார்த்தால் நடுங்குவார். அந்த வண்டியில் மட்டும், கதவை மூடிவிட்டால் அடங்கிவிடுவார். அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். ரிட்டயரான தையல் டீச்சர், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவள். திருவொற்றியூரில் ஒரு டிரைவிங் ஸ்கூல். அந்தப் பழைய கார் என் கையில் நின்றுபோகாத தெருமுனையே இல்லை. சொல்லித்தருகிறவர், "டீச்சரம்மா, கால தையல் மிஷின் மாரி ஆட்டாதீங்க" என்பார். இரண்டாவது முறைதான் லைசென்ஸ் கிடைத்தது. எங்கள் வண்டியில் கிளட்ச் கிடையாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

முதல் முறை அவரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டியது மாதவரத்துக்குத்தான். வண்டி அதிகம் ஓடியிருக்கவில்லை. ஆறு மாதம்தான் முந்தியிருந்தது. நடுச்சீட்டில் அவரை உட்காரவைத்து பெல்ட் போட்டேன். வியாசர்பாடிப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவில் என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூலக்கடை தாண்டியதும்தான் மூச்சு வந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் வாசலுக்கே வந்தாள். அவரைக் கைபிடித்து இறக்கினாள். வெயிட்டிங் ரூமில், வேலை நடப்பது தெரிகிற கண்ணாடிச் சுவர் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரவைத்தாள். வண்டியை மேலே தூக்கினார்கள். ஆயில் வழிந்து இறங்கியது. சக்கரங்களைக் கழற்றினார்கள். பிரேக் தட்டில் உப்புக் காற்றுக்குத் துரு பிடித்திருந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். முன்சீட்டுக்குக் கீழே அந்தச் சின்ன வலையைக் கழற்றிக் காற்றடித்தார்கள். அவர் ஒரு குழந்தை டிவி பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்தார். நடுவில் ஒரு முறை கையைத் தூக்கி, போல்டை இறுக்குகிறவரிடம் போதும் என்பது போலச் சைகை காட்டினார். அந்த ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்துத் தலையாட்டினார். வீட்டில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்காராதவர் வேலை முடியும்வரை அசையவில்லை. அன்று அவர் சாவியைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு சர்வீஸ் இல்லாதபோதும் அந்தப் பெண் கூப்பிடுவாள். "அம்மா, வண்டிக்குக் காத்து புடிக்க, வண்டி கழுவ கூட்டிகினு வாங்க. சார் கொஞ்ச நேரம் உக்காந்துகினு போவட்டும்." நான் போவேன்.

இப்படிப் போய்வந்த ஒரு நாளில்தான் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். தண்டையார்பேட்டை சிக்னலில் நின்றிருந்தோம்.

"டிரைவரம்மா."

 விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். முகம் மரியாதையாக இருந்தது. வெளியாட்களிடம் வைத்துக்கொள்கிற மரியாதை.

"சொல்லுங்க" என்றேன்.

"நல்லா ஓட்றீங்க. பிரேக்க மெதுவா புடிக்கிறீங்க. ஹைபிரிட்டுக்கு அப்படித்தான் ஓட்டணும்."

"சரிங்க."

"என் பொஞ்சாதிக்கு ஓட்டத் தெரியாது. பயந்த சுபாவம். கடலாண்ட கூட தண்ணில கால் வெக்க மாட்டா." கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சரு" என்றார். "அவளுக்கு இந்த வண்டின்னா உயிரு. சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்."

சிக்னல் பச்சையானது. நான் ஓட்டினேன். ஓட்டுகிறவள் அழக்கூடாது, ரோடு தெரியாது. அதனால் அழவில்லை.

அன்றிலிருந்து வண்டிக்குள் நான் டிரைவரம்மாதான். வீட்டில் சில நாள் நான் நானாக இருப்பேன், சில நாள் அவருடைய அம்மாவாக இருப்பேன். வண்டியில் அது மாறவே இல்லை. என்னிடமே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். அவருக்கு நான் சமைத்ததில் எது பிடிக்கும், எது பிடிக்காமலே முப்பத்தைந்து வருஷம் சாப்பிட்டார் என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பெண் பிறந்தபோது பையன் இல்லையே என்று அவருடைய அம்மா முணுமுணுத்ததற்கு அவர் சண்டை போட்டாராம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். வீடு வந்துவிட்டாலும் சில நாள் இன்னொரு சுற்று போவேன்.

அதன் பிறகு வந்த மழைக்காலத்தில் அவர் நடப்பது நின்றுபோனது. சாப்பாடு இறங்குவதும் குறைந்தது. சர்வீஸ் தேதி வந்தபோது நான் தனியாகப் போனேன். பேட்டரியை மெஷின் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் சந்தோஷமாக வந்து சொன்னார்: "புதுசு மாரி கீதும்மா. இந்தக் கடல் காத்துல இப்டி வெச்சிகினு கீறவங்க யாரும் இல்ல. இன்னும் ரொம்ப வருஷத்துக்கு ஒன்னும் ஆவாது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த மனிதர் நல்லதுதான் சொன்னார். நான் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெண் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். கண்ணாடியை இறக்கினேன். அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இனிமேல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றார் மாப்பிள்ளை. நான் வேண்டாம் என்றேன். பின்சீட்டுகளை மடக்கி, மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்தோம். மகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் மெதுவாக, குலுங்காமல் ஓட்டினேன். மழை விட்டிருந்தது. எங்கள் சந்துக்குள் அந்த வண்டி நுழையவே முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று வலைகளையும் கட்டில்களையும் சனங்களே எடுத்து ஓரமாக வைத்தார்கள். இரண்டு பக்கமும் சுவரில் உரசாமல் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நாலைந்து பேர் மெத்தையோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அந்த வாரமே போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். மாதவரத்திலிருந்து அந்தப் பெண்ணும், சர்வீஸ் சென்டர் சட்டையிலேயே இரண்டு மெக்கானிக்குகளும் வந்திருந்தார்கள்.

வண்டியை நான் விற்கவில்லை. இப்போது மகளுக்கு ஓட்டக் கற்றுத்தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், லாரி குறைவாக இருக்கும் நேரத்தில், எண்ணூர்ப் பக்கம் கடலோர ரோட்டில் அவள் ஓட்டுவாள், நான் இடது பக்கம் உட்காருவேன். என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். 

போன வாரம், கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கற்குவியல்களுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். அலை கல்லில் மோதித் தெறித்தது. அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"ம்மா, ஆஸ்பத்திரில நான் வூட்டுக்குப் போயிருந்தப்போ நைனா கண்ண தெறந்தாருன்னு சொன்னியே. என்னியக் கேட்டாரா? என் பேராவது சொன்னாரா?"

சொன்னார் என்று சொல்லிவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவருடைய மூக்கு, அவருடைய நெற்றி.

"இல்லம்மா" என்றேன். "யாரையும் கேக்கல."

அவள் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, ரோட்டில் ஏற்றினாள்.